மதிப்பீட்டுப் பணியில் கேலிச்சித்திரமும் நகைச்சுவையும்

மதிப்பீட்டுப் பணியில் கேலிச்சித்திரம் என்பது, ஒரு திட்டமோ நிறுவனமோ தொழிலோ எப்படி நடக்கிறது என்று ஆராய்ந்தவர்கள், தாங்கள் கண்டதைக் கோட்டுப்படம், வேடிக்கைக் காட்சி, நகைச்சுவைக் கதை ஆகியவற்றின் வழியே எடுத்துச் சொல்லும் முறையாகும். அறிக்கைகள், பயிற்சி வகுப்புகள், பாடநூல்கள், கருத்தரங்க உரைகள் ஆகியவற்றில் இது பயன்படுகிறது. நாளிதழ்களில் வரும் அரசியல் கேலிச்சித்திரத்துக்கு இது நெருங்கிய உறவு. ஆனால் முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. அரசியல் சித்திரக்காரர் வெளியே நின்று வரைகிறார். மதிப்பீட்டாளர் வரையும் படத்தைப் பார்க்கப் போகிறவரோ பெரும்பாலும் அந்தப் படத்துக்குள் இருப்பவர்தான். இம்முறையின் பயனும் ஆபத்தும் இந்த வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

சொல் விளக்கம்

தமிழ்நாட்டில் ‘திட்ட மதிப்பீடு’ என்றால், பாலமோ கட்டடமோ கட்டுவதற்கு முன் போடும் செலவுக் கணக்கு என்றே பலரும் எடுத்துக்கொள்வர். இங்கே பேசப்படுவது அதுவன்று. ஒரு வேலை நடக்கும்போதோ நடந்து முடிந்த பிறகோ, அதனால் யாருக்கு என்ன நன்மை கிடைத்தது, கிடைக்கவில்லை என்றால் ஏன் என்று முறையாகத் தேடிப் பார்ப்பதே இங்கு மதிப்பீடு எனப்படுகிறது.

இதில் இரண்டு வகை உண்டு என்று மைக்கேல் ஸ்கிரிவன் 1967-இல் பிரித்துக் காட்டினார். வேலையைத் திருத்திக்கொள்வதற்காக இடையிலேயே செய்வது ஒன்று. முடிவில் தீர்ப்புச் சொல்வதற்காகச் செய்வது மற்றொன்று. 2012-13 கல்வியாண்டில் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு முப்பருவ முறை வந்தபோது இவை ‘வளரறி மதிப்பீடு’, ‘தொகுத்தறி மதிப்பீடு’ என்ற பெயர்களில் எங்கள் மதிப்பெண் பதிவேட்டுக்குள் நுழைந்தன. முன்னதற்கு 40, பின்னதற்கு 60 என்று மதிப்பெண்களை எல்லோரும் உடனே மனப்பாடம் செய்துகொண்டோம். இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்பது மட்டும் பல நாள் பிடிபடவில்லை.

ராபர்ட் ஸ்டேக் என்ற அமெரிக்கக் கல்வியாளர் இதற்குச் சொன்னதாக வழங்கும் விளக்கம் ஒரு சமையலறைக் காட்சி. அடுப்பில் இருக்கும் சூப்பைச் சமைப்பவர் கரண்டியில் எடுத்து ருசி பார்த்தால் அது வளரறி. பந்தியில் உட்கார்ந்திருக்கும் விருந்தாளி ருசி பார்த்தால் அது தொகுத்தறி. சமைப்பவருக்கு இன்னும் உப்புப் போட நேரம் இருக்கிறது, விருந்தாளி வாயில் வைத்த பிறகு இல்லை. சூப்புக்குப் பதிலாக ரசத்தை வைத்து இதைச் சொன்னால் நம் வகுப்பறைக்கு இன்னும் பொருந்தும். இது வரையப்படாத கேலிச்சித்திரம். படம் கேட்பவரின் மனத்தில் தானே எழுந்துவிடுகிறது.

மைக்கேல் க்வின் பேட்டன் என்ற மதிப்பீட்டாளரும் இதே வழியில் சென்றவர். மதிப்பீட்டு அறிக்கை யாருக்குப் பயன்படும் என்பதை முதலில் கேள் என்று வற்புறுத்தும் அவரது புகழ்பெற்ற நூலின் முதற்பதிப்பு 1978-இல் வெளிவந்தது. அவர் தம் எழுத்துகளில் ஹால்கம் என்ற கற்பனை ஞானி ஒருவரைப் பேசவிடுகிறார். அந்தப் பெயரை உரக்கச் சொன்னால் ‘அது எப்படி?’ என்று ஆங்கிலத்தில் கேட்பது போலவே ஒலிக்கும். ஆசிரியர் நேரே கேட்டால் அதிகாரிக்குக் கோபம் வரக்கூடிய கேள்வியை ஞானி கேட்டுவிட்டுப் போகிறார். நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான்.

ஓர் ஆணியின் கதை

மதிப்பீட்டைப் பற்றிய கேலிச்சித்திரங்களில் மிகச் சிறந்தது எது என்று என்னைக் கேட்டால், சோவியத் நாட்டின் நகைச்சுவை இதழான ‘குரோகடில்’ வெளியிட்ட ஆணிப் படத்தைச் சொல்வேன். 1922-இல் தொடங்கப்பட்ட இவ்விதழின் பெயருக்கு முதலை என்று பொருள். படத்தில் ஆலை முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரே ஒரு ராட்சத ஆணி தொங்குகிறது. இப்படிப்பட்ட ஆணி யாருக்கு வேண்டும் என்ற கேள்வி எழுகிறது. அதைப் பற்றிக் கவலை எதற்கு, மாதத் திட்டத்தை நிறைவேற்றிவிட்டோம் அல்லவா என்பது பதில்.

இலக்கு எடையில் வைக்கப்பட்டது என்பதே இதிலுள்ள நகைச்சுவை. இத்தனை டன் ஆணி செய்ய வேண்டும் என்று ஆணை. ஆயிரக்கணக்கான சிறு ஆணிகள் செய்வதைவிட ஒரே ஆணியில் எடையைக் காட்டிவிடுவது எளிது. இலக்கை எண்ணிக்கையில் வைத்திருந்தால் குண்டூசி அளவில் கோடி ஆணிகள் வந்திருக்கும். இதை உண்மையில் நடந்த நிகழ்ச்சியாகச் சொல்பவர்கள் உண்டு. படம் மிகைப்படுத்தல்தான், ஆனால் அது தொட்ட நோய் உண்மையானது. சரவிளக்குகளின் உற்பத்தி டன் கணக்கில் அளக்கப்பட்டதால் அவை தேவையில்லாத கனத்துடன் செய்யப்படுவதை நிகிதா குருசேவே கண்டித்துப் பேசியிருக்கிறார்.

சமூக அறிவியலாளர் டொனால்டு கேம்பல் 1970-களில் இதையே கோட்பாடாக எழுதினார். ஓர் எண்ணைக் கொண்டு முடிவெடுப்பது கூடக் கூட, அந்த எண்ணைத் திரிப்பதற்கான அழுத்தமும் கூடும். அது எதை அளக்க வந்ததோ அந்த வேலையும் கெடும் என்பது அதன் சாரம். கேம்பல் விதி என்று இதைக் கல்வியியல் மாணவர்கள் படிக்கிறார்கள். விதியைத் தேர்வில் எழுதியவர்கள் மறந்துவிடுவார்கள். ஆணிப் படத்தை ஒருமுறை கேட்டவர்கள் மறப்பதில்லை.

பள்ளி வாசலில் ‘நூற்றுக்கு நூறு தேர்ச்சி’ என்று கட்டப்படும் பதாகைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆணி நினைவுக்கு வரும். பத்தாம் வகுப்பின் தேர்ச்சி விழுக்காட்டை உயர்த்த நேர்மையான வழி, பின்தங்கிய பிள்ளைக்குக் கூடுதலாகச் சொல்லித் தருவது. சுருக்கு வழி, அந்தப் பிள்ளை பத்தாம் வகுப்புக்கே வராமல் பார்த்துக்கொள்வது. இரண்டிலும் பதாகையில் வரும் எண் ஒன்றுதான். இந்த வேறுபாட்டை அறிக்கையில் எழுத ஒரு பக்கம் வேண்டும், எழுதியவருக்குக் கொஞ்சம் துணிச்சலும் வேண்டும். ராட்சத ஆணி ஒன்றைப் பள்ளி வாசலில் நட்டு, அதில் பதாகையைக் கட்டி வரைந்தால் போதும்.

கரும்பலகையில் நடந்த அற்புதம்

அமெரிக்கச் சித்திரக்காரர் சிட்னி ஹாரிஸ் வரைந்த அறிவியல் கேலிச்சித்திரங்களில் ஒன்று, மதிப்பீட்டுப் பயிற்சிகளில் இன்றும் காட்டப்படுகிறது. இரண்டு அறிஞர்கள் கரும்பலகை முன் நிற்கிறார்கள். இடப்பக்கம் நிறைய சமன்பாடுகள், வலப்பக்கம் நிறைய சமன்பாடுகள். நடுவில் மட்டும், இப்போது ஓர் அற்புதம் நிகழ்கிறது என்ற பொருளில் ஒரு வரி. மற்றவர் அந்த இரண்டாம் படியைச் சுட்டிக்காட்டி, இங்கே இன்னும் கொஞ்சம் விளக்கமாக எழுதலாமே என்கிறார்.

மதிப்பீட்டாளர்களுக்கு இது ஏன் பிடித்தது? எந்தத் திட்டத்துக்கும் ஒரு காரண காரியச் சங்கிலி உண்டு. ஆசிரியர்களுக்கு 5 நாள் பயிற்சி, அதனால் கற்பிக்கும் முறை மாறும், அதனால் மாணவர்கள் சரளமாக வாசிப்பார்கள் என்று பெட்டிகள் வரைந்து அம்புக்குறிகளால் இணைத்துத் திட்ட ஆவணத்தில் வைப்பார்கள். பெட்டிகள் அழகாக இருக்கும். பயிற்சிக்குப் போய் வந்தவரை நம்பி இரண்டு வகுப்புகள் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தால் கற்பிக்கும் முறை எப்படி மாறும் என்பது அம்புக்குறிக்குள் ஒளிந்துகொள்ளும். ஹாரிஸின் படத்தைப் பார்த்த பிறகு, ‘நம் திட்டத்தில் அற்புதம் எந்த அம்புக்குறியில் நடக்கிறது?’ என்று கூட்டத்தில் கேட்க முடிகிறது. கேட்பவர் யாரையும் குற்றம் சாட்டவில்லை, ஒரு படத்தை நினைவூட்டுகிறார். கேட்கப்படுபவரும் சிரித்துக்கொண்டே யோசிக்கத் தொடங்கலாம்.

இதே குடும்பத்தைச் சேர்ந்தது மர ஊஞ்சல் படம். வாடிக்கையாளர் கேட்டது என்ன, வடிவமைப்பாளர் புரிந்துகொண்டது என்ன, கடைசியில் கட்டியது என்ன என்று ஒரே ஊஞ்சல் ஒவ்வொரு கட்டத்திலும் விதவிதமாகக் கோணிக்கொண்டு தொங்கும். 1970-களிலேயே சுற்றிவந்த இப்படத்தை முதலில் வரைந்தவர் பெயர் மறைந்துவிட்டது. கணினித் துறையில் வேலை செய்யும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், நிச்சயம் பார்த்திருப்பார்கள்.

அலுவலக வாழ்க்கையைக் கிண்டல் செய்த ‘தில்பர்ட்’ படக்கதை 1989-இல் தொடங்கியது. அதை வரைந்த ஸ்காட் ஆடம்ஸ் அப்போது ஒரு தொலைபேசி நிறுவனத்தில் ஊழியராக இருந்தார். ஊழியர்கள் அதைக் கத்தரித்துத் தங்கள் மேசைத் தடுப்புகளில் ஒட்டிக்கொண்டனர். எந்தப் படம் எந்த அலுவலகத்தில் ஒட்டப்படுகிறது என்பதே, யாரும் கேட்காமல் ஊழியர்கள் நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்த மதிப்பீடு.

வேலியும் பெட்டிகளும்

ஒரு படம் தன்னை வரைந்தவரைவிட்டு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வேலிப் படம் நல்ல சான்று. உயரம் வேறுபட்ட மூவர் வேலிக்கு இப்பால் நின்று பேஸ்பால் ஆட்டம் பார்க்கிறார்கள். முதல் காட்சியில் மூவருக்கும் ஆளுக்கொரு பெட்டி. குள்ளமானவருக்கு இன்னும் எட்டவில்லை. இரண்டாம் காட்சியில் நெட்டையானவரின் பெட்டி குள்ளமானவருக்குப் போகிறது. இப்போது மூவரும் பார்க்கிறார்கள். சின்சினாட்டி பல்கலைக்கழகப் பேராசிரியர் கிரெய்க் ஃப்ரோலி 2012-இல் இதை உருவாக்கினார். சமத்துவம் என்ற சொல்லுக்கு அமெரிக்காவின் இரு அரசியல் தரப்பினர் தரும் பொருளை ஒப்பிட்டுக் காட்டுவதே அவர் நோக்கம். பின்னர் பலர் தலைப்புகளை மாற்றி, சமமாகத் தருவதற்கும் தேவைக்கேற்பத் தருவதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்க அதைப் பயன்படுத்தினர். இன்று சமூகநலத் திட்டங்களின் பயிற்சிகளில் இதைப் பார்க்காதவர்கள் குறைவு.

படத்துக்கு எதிர்ப்பும் வந்தது. இந்த எதிர்ப்பை மாணவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். படத்தில் குறை எங்கே வைக்கப்பட்டிருக்கிறது? ஒருவர் குள்ளம், ஆகவே அவருக்கு உதவி வேண்டும். அதாவது குறை ஆளிடம் இருக்கிறது. உண்மை வாழ்வில் பலருக்கு ஆட்டம் தெரியாமல் போவது அவர்கள் பிறவியிலேயே குள்ளம் என்பதாலா, அல்லது அவர்கள் நிற்கும் தரை பள்ளமாகவும் அவர்கள் முன் உள்ள வேலி உயரமாகவும் இருப்பதாலா என்று விமர்சகர்கள் கேட்டனர். பிறகு வந்த படங்களில் சிலர் தரையைச் சரிவாக வரைந்தனர். சிலர் வேலியையே எடுத்துவிட்டனர்.

நல்ல எண்ணத்தோடு வரையப்பட்ட படமும் பழியைத் தவறான தோளில் ஏற்றிவிடலாம் என்பது இதனால் தெரிகிறது. கட்டுரையில் ஒரு சொல்லை அடித்துத் திருத்தலாம். படத்தில் அந்தக் கருத்து ஒருவரின் உயரமாகவும் உடையாகவும் முகமாகவும் பதிந்துவிடுகிறது.

இதற்கு நேர்மாறானது ஜெர்மானியச் சித்திரக்காரர் ஹான்ஸ் டிராக்ஸ்லர் 1970-களில் வரைந்த படம். குரங்கு, யானை, கண்ணாடித் தொட்டியில் மீன் என்று பல உயிரினங்கள் வரிசையாக நிற்கின்றன. மேசைக்குப் பின்னால் இருக்கும் ஆசிரியர், நியாயமாக இருக்க வேண்டும் என்பதால் எல்லோருக்கும் ஒரே தேர்வு, அந்த மரத்தில் ஏறுங்கள் என்கிறார். (மீனையும் மரத்தையும் பற்றி ஐன்ஸ்டைன் சொன்னதாகப் பகிரப்படும் வாசகத்துக்கு ஆதாரம் கிடையாது.) இங்கே மீனைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. சிரிப்பு முழுவதும் மேசைக்குப் பின்னால் போகிறது. பணி நிறைவு பெறும்வரை அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில், அந்தச் சிரிப்பு வலிக்கத்தான் செய்கிறது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

வகுப்பில் நான் வாசித்த விடை

யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பது நாகரிகம் பற்றிய கேள்வி மட்டுமன்று. மதிப்பீட்டின் தரமே அதில் அடங்கியிருக்கிறது. இதை நான் கற்றுக்கொண்ட விதம் பெருமைப்படத் தக்கதாக இல்லை.

பணியில் சேர்ந்த ஆரம்ப ஆண்டுகளில், எட்டாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வு விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு மாணவன் எழுதிய விடை மிகவும் வேடிக்கையாக இருந்தது. பெயர் சொல்லாமல்தான் உரக்க வாசித்தேன். வகுப்பே சிரித்தது. யாருடைய விடை என்பது அடுத்த நொடியே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, அவனும் சிரித்தான். வகுப்பு கலகலப்பாக நடந்தது என்ற நிறைவோடு வெளியே வந்தேன்.

அரையாண்டுத் தேர்வில் அவன் கோடிட்ட இடங்களை நிரப்பியிருந்தான், பொருத்தியிருந்தான், சரியா தவறா எழுதியிருந்தான். சொந்தமாக எழுத வேண்டிய வினாக்கள் எல்லாம் வெற்றுத்தாள். முழு ஆண்டுத் தேர்விலும் அப்படியே. எழுதத் தெரியாதவன் அல்ல அவன். எழுதினால் வாசிக்கப்படும் என்று தெரிந்துகொண்டவன். அதன்பிறகு அவனுக்கு எது புரிந்தது, எது புரியவில்லை என்று அறிய எனக்கு வழியே இல்லாமல் போயிற்று. ஒரு நிமிடச் சிரிப்புக்காக என் அளவுகோலை நானே உடைத்துக்கொண்டேன்.

திட்டங்களில் நடப்பதும் இதுவே. கிராம சுகாதாரச் செவிலியரின் பதிவேட்டுப் பிழையை மாவட்டக் கூட்டத்தில் வேடிக்கைப் படமாகக் காட்டினால், அடுத்த மாதம் எல்லாப் பதிவேடுகளும் பிழையின்றி வரும். பிழை குறைந்ததாலன்று, மறைக்கக் கற்றுக்கொண்டதால்.

பாடநூல் படங்கள், 2012

காலமும் பார்வையாளரும் மாறினால் படத்தின் பொருளும் மாறும். இந்தியாவில் இதை எல்லோரும் கண்ட ஆண்டு 2012. தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் 2006 முதல் வெளியிட்ட அரசியல் அறிவியல் பாடநூல்கள் கேலிச்சித்திரங்களைக் கற்பித்தல் கருவியாகத் தாராளமாகப் பயன்படுத்தின. உன்னி, முன்னி என்ற இரு சித்திரப் பிள்ளைகள் பக்க ஓரத்திலிருந்து குறும்புக் கேள்விகள் கேட்பார்கள். பாடநூல் சொல்வதையே பாடநூலுக்குள் இருந்து கேள்வி கேட்க வைத்த அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

பதினொன்றாம் வகுப்பு நூலில் சங்கர் 1949-இல் வரைந்த படம் ஒன்று இருந்தது. அரசியலமைப்பு என்னும் நத்தை மீது அம்பேத்கர் அமர்ந்திருக்க, பின்னால் நேரு சாட்டையை ஓங்கி நிற்கிறார். வரையப்பட்ட நாளில் அது அரசியலமைப்பு உருவாவதில் ஏற்பட்ட தாமதம் பற்றிய கிண்டல். 2012 மே மாதம் நாடாளுமன்றத்தில் எழுந்த எதிர்ப்போ, தலித் மக்களின் தலைவர் மீது சாட்டை ஓங்கப்படுகிறது என்பதைப் பற்றியது. நூலின் முதன்மை ஆலோசகர்கள் யோகேந்திர யாதவும் சுகாஸ் பல்ஷிகரும் பதவி விலகினர். அடுத்த மாதமே, பன்னிரண்டாம் வகுப்பு நூலில் இருந்த ஆர். கே. லட்சுமணின் படம் 1965 இந்தி எதிர்ப்புப் போராட்ட மாணவர்களை இழிவுபடுத்துகிறது என்று தமிழ்நாட்டில் கட்சி வேறுபாடின்றிக் கண்டனம் எழுந்தது. எஸ். கே. தோரட் தலைமையிலான குழு படங்களை ஆராய்ந்து பலவற்றை நீக்கப் பரிந்துரைத்தது. குழுவில் இருந்த வரலாற்றறிஞர் எம். எஸ். எஸ். பாண்டியன் மாறுபட்ட கருத்தைப் பதிவு செய்தார்.

எது சரி என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. எதிர்த்தவர்கள் எல்லோரும் நகைச்சுவை உணர்வு இல்லாதவர்கள் என்று சொல்வதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். அந்த வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளைக்கு அந்த உருவம் வெறும் அரசியல் தலைவர் அல்லர், வீட்டுச் சுவரில் மாலையோடு இருப்பவர். அதே சமயம், படத்தை எடுத்துவிட்டால் அதைப் பற்றிப் பேசும் வாய்ப்பும் போய்விடுகிறது. நல்ல ஆசிரியர் கையில் அந்தப் பேச்சே பாடமாகியிருக்கும்.

ஒரு படம் உருவாகும் விதம்

மாணவர்கள் முயன்று பார்ப்பதற்கு எளிய எடுத்துக்காட்டு ஒன்று. ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சிகளின் கடைசி அரைமணி நேரத்தில் பின்னூட்டப் படிவம் கொடுப்பார்கள். பேருந்துக்கு நேரமாகிவிடும். படிக்காமலே ‘மிக நன்று’ கட்டத்தில் ஒரு கோடு இழுத்துக் கொடுத்துவிட்டு எல்லோரும் கிளம்புவோம். பயிற்சியில் எல்லோருக்கும் முழு நிறைவு என்று அறிக்கை போகும். இந்த எண்ணை நம்ப வேண்டாம் என்பதே மதிப்பீட்டாளர் சொல்ல விரும்பும் செய்தி. எப்படி வரைவது?

முதலில் தோன்றுவது, பையோடு பேருந்தைத் துரத்தும் ஆசிரியர்கள். நிச்சயம் சிரிப்பு வரும். ஆனால் பழி ஆசிரியர்மேல் விழுகிறது. மாலையில் ஒரே பேருந்து உள்ள ஊர்க்காரர் வேறென்ன செய்வார்? அடுத்து, படிவங்களை எடை போட்டுப் பார்த்து மகிழும் கருத்தாளர். இதிலும் பழி ஓர் ஆளின்மேல்தான். அவரும் மேலிருந்து கேட்டதைச் செய்பவர். மூன்றாவதாக, படிவத்தையே பெரிதாக வரைந்து பார்க்கலாம். ‘நன்று’, ‘மிக நன்று’, ‘மிகமிக நன்று’ என்று மூன்றே கட்டங்கள். கீழே பொடி எழுத்தில், ‘படிவத்தைக் கொடுத்தவர்களுக்கு மட்டும் வருகைச் சான்றிதழ் வழங்கப்படும்’. இதில் ஆளே இல்லை, கேள்வி கேட்கும் முறை மட்டும் அகப்பட்டுக்கொள்கிறது. படிவத்தை மதியமே கொடுக்கலாம், சான்றிதழோடு அதைக் கட்டிப்போட வேண்டாம் என்று திருத்த வேண்டிய இடமும் அதிலேயே தெரிகிறது.

ஓவியத் திறமை தேவையில்லை. குச்சி மனிதர்கள் போதும். கோடு எவ்வளவு எளிதாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அது எந்தத் தனிமனிதரின் சாயலையும் ஏற்காமல் இருக்கும். எழுத்தைக் குறைக்க வேண்டும்; படத்தில் தெரிவதையே அடியிலும் எழுதினால் நகைச்சுவை நீர்த்துப்போகும். வரைந்த பின், படத்தில் இடம்பெறும் வேலையைச் செய்பவர் ஒருவரிடம் முதலில் காட்ட வேண்டும். அவர் முகம் எப்படி மாறுகிறது என்று பார்த்தாலே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

மரணம், பட்டினி, குழந்தைகள் மீதான கொடுமை போன்றவற்றை ஆராயும் அறிக்கைகளில் இம்முறையைத் தவிர்ப்பதே நல்லது. மேலும் படம் சான்றாகாது. ஆணிப் படத்தைக் காட்டி ஓர் ஆலை ஏமாற்றுகிறது என்று நிறுவ முடியாது. அதற்கு உற்பத்திக் கணக்கு வேண்டும். அறிக்கையில் படத்துக்கு எதிர்ப்பக்கத்திலேயே அந்தக் கணக்கு இருக்குமாறு அமைப்பது வழக்கம். பிறர் வரைந்த படத்தை எடுத்தாளும்போது வரைந்தவர் பெயரைக் குறிப்பிட்டு இசைவு பெற வேண்டும். இணையத்தில் ஏற்றும்போது, பார்வைத்திறன் குறைந்தவர்கள் திரைவாசிப்பான் மூலம் கேட்பதற்காகப் படத்தில் இருப்பதை இரண்டு மூன்று வரிகளில் விவரித்துச் சேர்க்க வேண்டும். இந்த விவரிப்பை எழுத உட்காரும்போதுதான், படத்தில் யாரைக் கறுப்பாக, யாரைக் குண்டாக, யாரைச் சேலையில் வரைந்து வைத்திருக்கிறோம் என்பது வரைந்தவருக்கே பல நேரங்களில் முதல்முறையாகத் தெரியவருகிறது.